குழிக்கு ஒன்றரை அடி

கில்பர்ட் டியூரியைப் போல் பந்தை நெடுந்தூரம் அடித்தவன் கார்ன்ஹேவனில் அவனுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவனை வெறுத்தவர்களே இதை ஒப்புக்கொள்வார்கள். வெறுக்காதவர்கள் என்று ஊரில் யாரும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை, அதனால் இந்தச் சாட்சியே போதும்.

மாவு மில்காரரின் மகன். எடின்பரோவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்துவிட்டு, முப்பது வயதில் சர் ஹியூவின் எஸ்டேட்டுக்குக் காரியஸ்தனாகத் திரும்பி வந்தான். ஊரில் பாதி வீடு, சுற்றுவட்டாரத்தில் முக்கால்வாசி வயல் சர் ஹியூவுடையது. அவர் லண்டனிலேயே இருந்ததால் ஊருக்குத் தெரிந்த முகம் டியூரியின் முகம்தான். குத்தகையை நீட்டுவதும் நீட்டாமல் விடுவதும் அவன் கையில் இருந்தது. அந்தக் கைதான் சனிக்கிழமைகளில் கோல்ஃப் மட்டையைப் பிடித்தது.

அவன் காசுக்கு ஆடியதில்லை. யாருக்கும் மட்டை சுமந்ததில்லை. ‘அமெச்சூர்’ என்ற சொல்லைத் தன் குலப்பெயர் மாதிரி சொல்லிக்கொள்வான். “காசுக்கு ஆடுறவன் கூலிக்காரன். நான் ஆசைக்கு ஆடுறவன்,” என்பான். மில்காரர் மகனுக்குக் கனவான் ஆக வேறு வழி இல்லை, பாவம். ஆனால் பாவம் என்று சொல்ல அவன் யாரையும் விட்டுவைக்கவில்லை.

எங்கள் பக்கம் ஆட்டம் என்றால் ஆளுக்கு ஆள். ஒவ்வொரு குழியும் ஒரு தனிச் சண்டை, குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் போட்டவனுக்கு அந்தக் குழி. பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால், “சரி, எடுத்துக்கோ” என்று எதிராளி சொல்வான். போட்டதாகவே வைத்துக்கொள்வார்கள். அது ஒரு மரியாதை. கேட்டு வாங்கக் கூடாது, எதிராளியே மனம் வந்து கொடுக்க வேண்டும்.

ஓர் இலையுதிர் காலப் பந்தயத்தில் வண்டிக்காரன் டேனி டாஷ் டியூரிக்கு அப்படிக் கொடுக்கவில்லை. கடைசிக் குழி. ஊரே சுற்றி நின்றது. டியூரியின் பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. டேனி கெட்டவன் இல்லை, கொஞ்சம் விளையாட்டுப் பேர்வழி, அவ்வளவுதான்.

“போட்டுடுங்க எஜமான். ஊதினாலே விழுந்துடும்,” என்றான் சிரித்துக்கொண்டே.

டியூரி தட்டினான். பந்து குழியின் உதட்டைத் தொட்டுவிட்டு விலகிப் போயிற்று. யாரோ ஒரு மீன்காரி களுக்கென்று சிரித்தாள்.

நவம்பரில் குத்தகை புதுப்பிக்கும் நாள் வந்தது. டேனிக்குப் புதுப்பிக்கவில்லை. அவன் மனைவி பிரசவித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பனிமழையில் கட்டில், தொட்டில், சட்டிபானை எல்லாம் தெருவில் கிடந்தன. வலை உலர்த்தும் ஒரு கொட்டகையில் போய் ஒண்டினார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பே குழந்தை செத்துப்போயிற்று.

டியூரியின் மனைவி கிரிசல் பார்லி கஞ்சியை ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு அந்தக் கொட்டகைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கணவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். அவள் காலணியில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“குழந்தை சாவுறதுக்கும் கோல்ஃபுக்கும் என்னடி சம்பந்தம்?” என்றான் அவன்.

கோல்ஃப் என்ற பேச்சை அவள் எடுக்கவே இல்லை. அவர்களுக்குக் குழந்தை கிடையாது. கிரிசல் அன்று இரண்டு முறை கை கழுவினாள், எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு கார்ன்ஹேவனில் டியூரியை யாரும் கிட்டத்திலிருந்து தட்ட விடவில்லை. பந்து ஒரு சாணில் நின்றாலும் சரி, ஒரு கஜத்தில் நின்றாலும் சரி, “எடுத்துக்கோங்க எஜமான்” என்றுவிடுவார்கள். சிலர் பந்து உருண்டுகொண்டிருக்கும்போதே தொப்பியைத் தொட்டுச் சொல்லிவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை மெடலுக்காக நடக்கும் ஆட்டத்தில் மட்டும் எல்லா அடியையும் எண்ணுவார்கள், எல்லாரும் கடைசிவரை போட்டே ஆக வேண்டும். அதில் கலந்துகொள்வதை டியூரி நிறுத்திவிட்டான். “அடியை எண்ணுறது குமாஸ்தா வேலை. ஆம்பளைன்னா எதிர்ல ஒருத்தனை வெச்சு ஆடணும்,” என்றான். எல்லாரும் ஆமாம் போட்டார்கள்.

அவனும் ஜெயித்துக்கொண்டே இருந்தான். வாரா வாரம், வருஷா வருஷம். தன்னைத் தோற்கடிக்கக் கிழக்குக் கரையிலேயே ஆள் இல்லை என்று நம்பினான். ஊரே சேர்ந்து அந்த நம்பிக்கைக்குத் தீனி போட்டுக் கொழுக்க வைத்தது.

கிரிசலுக்கு ஆட்டம் தெரியும். பெண்களுக்கென்று உயிர்காப்புப் படகுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சிறு புல்தரை உண்டு. தோளுக்கு மேலே மட்டையைத் தூக்கி அடிப்பது குடும்பப் பெண்ணுக்கு அழகில்லை என்று அந்தக் காலத்துக் கனவான்கள் முடிவு செய்திருந்தார்கள். அதனால் குழியருகே மெல்லத் தட்டுவது மட்டும்தான் பெண்கள் பங்குக்கு விழுந்தது. கிரிசல் அதில் கெட்டிக்காரி. ஒரு வருஷம் பெண்களின் வெள்ளிப் பதக்கம் அவளுக்குக் கிடைத்தது. மறுநாள் தேவாலய வாசலில் பாதிரியார் அவளை வாழ்த்தினார்.

“வாழ்த்துங்க, வாழ்த்துங்க,” என்றான் டியூரி உரக்க. “வீட்டுல தொட்டில் ஆடலேன்னாலும் மட்டையாவது ஆடுதே.”

பாதிரியார் குனிந்து தன் பைபிளைப் பார்த்தார். சுற்றி நின்ற பெண்கள் தலைக்குட்டையைச் சரிசெய்தார்கள். கிரிசல் வீடுவரை அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள், அப்படித்தான் நடக்க வேண்டும்.

ஒரு வசந்தகாலக் காலையில் மாடி ஜன்னலிலிருந்து அவள் ஒன்றைப் பார்த்தாள். வீட்டுக்குப் பின்னாலிருந்த மூன்றாம் குழியில் டியூரி தனியாக ஆடிக்கொண்டிருந்தான். தூரத்திலிருந்து ஒரே அடி, பந்து குழியிலிருந்து ஓரடியில் வந்து நின்றது. அவன் நடந்து வந்தான். மட்டையைக் கீழே வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் இல்லை. சட்டென்று குனிந்து பந்தைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

கொடுப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டான்! கிரிசலுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பரிதாபமாக இருந்தது. அந்தப் பரிதாபத்தோடுதான் காலைக் கஞ்சியைப் பரிமாறினாள்.

“என்னங்க, சாயங்காலம் அந்தப் படகுக் கொட்டகைப் பக்கம் வர்றீங்களா? ரெண்டு பேரும் சும்மா கொஞ்ச நேரம் தட்டிப் பார்க்கலாம். கிட்டத்துலேர்ந்து போடறது கைப்பழக்கம்தான், வேற ஒண்ணுமில்ல.”

டியூரி கரண்டியை வைத்தான். எழுந்து போய் அவளுடைய மட்டையை எடுத்து வந்தான். அவளுக்கு அவள் அப்பா செய்துகொடுத்த மட்டை அது. தோட்டக்காரனைக் கூப்பிட்டு அவள் கண் முன்னாலேயே அதைப் பாதியாக அறுக்கச் சொன்னான்.

“கோழிக்கூட்டுக் கதவு நிக்க மாட்டேங்குது. இதை முட்டுக் கொடு,” என்றான்.

அதற்குப் பிறகு அவளுக்கு அவன்மேல் பரிதாபம் வரவில்லை.

மே மாத வாக்கில் அவனுடைய காலணிக்கு அடிப்பாகம் மாற்ற லௌரி ஸ்பீடியின் கடைக்குப் போனாள். லௌரி செருப்புத் தைப்பவன், டியூரிக்கு அடுத்தபடி ஊரில் நல்ல ஆட்டக்காரன், சனிக்கிழமை தவறாமல் அவனிடம் தோற்பவன். டேனி டாஷுக்கு மைத்துனன் முறை. வாய் நிறைய ஆணியை வைத்துக்கொண்டே பேசுவான்.

“லௌரி, அவருக்கு ஏன் எல்லாத்தையும் கொடுக்கறீங்க?” என்று கேட்டாள் அவள்.

லௌரி ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பினான். கதவைப் பார்த்தான்.

“முதல்ல பயந்துதான் கொடுத்தோம்மா. எனக்கும் குத்தகை வீடுதானே.”

“இப்ப?”

“இப்ப பயந்து கொடுக்கல.” அவன் காலணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எஜமான் அடிக்கிற அடிக்கு என்னைக்காவது ஒரு நாள் வெளியூர்ல ஆடத்தான் போவாரு. அங்க இருக்கறவன் யாருக்குக் குத்தகை கட்டறான்? எடுத்துக்கோன்னு சொல்ல மாட்டான். அன்னைக்கு அவர் கையில ஒரு தட்டுகூட பழகியிருக்கக் கூடாது. அவ்ளோதான் நாங்க பண்றது. ஊர்ல இதைப் பத்தி யாரும் பேசிக்கிறதில்ல. ஆனா எல்லாருக்கும் தெரியும்.”

“எனக்குத் தெரியாதே.”

“இப்பத் தெரிஞ்சுடுச்சே. போய் அவர்கிட்ட சொல்லுங்க, நாளைக்கே கடையைக் காலி பண்ணிடறேன்.”

கிரிசல் கதவுவரை போய்த் திரும்பினாள். “அடிப்பாகம் சனிக்கிழமைக்குள்ள வேணும். அன்னைக்கு ஆட்டம் இருக்கு அவருக்கு,” என்றாள்.

லௌரி ஆணிகளை மறுபடி வாயில் போட்டுக்கொண்டான்.

மேற்குக் கரையில் நாடு தழுவிய அமெச்சூர் பந்தயம் நடக்கப்போவதாக அந்தக் கோடையில் செய்தி வந்தது. சர் ஹியூ லண்டனிலிருந்து நேரே வந்து இறங்கினார். தன் காரியஸ்தனை வெல்ல ஆளே இல்லை என்று நண்பர்களிடம் பந்தயம் கட்டிவிட்டு வந்திருந்தார். டியூரியின் வீட்டு வரவேற்பறையில் விஸ்கியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது கிரிசலின் காதிலும் விழுந்தது.

“ஜெயிச்சா என் எல்லா எஸ்டேட்டும் உன் கையில. ஆனா ஒண்ணு டியூரி, என் நண்பர்கள் முன்னாடி என்னைப் பார்த்து எவனும் சிரிக்கக் கூடாது. சிரிச்சா நான் வேற காரியஸ்தனைப் பார்த்துக்குவேன். இந்த வீடும் அவனுக்குத்தான்.”

“எல்லாருக்கும் கிழக்குக் கரைன்னா என்னன்னு காட்டிடறேன்,” என்றான் டியூரி. அவன் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

வீடு போனால் தானும்தான் தெருவுக்கு வரவேண்டும் என்பது கிரிசலுக்குத் தெரியாததல்ல. அவளுக்கு அப்பாவும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும்: இன்னும் பத்து நாள் இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு கம்பளத்தில் ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்துத் தட்டிப் பழகுங்கள். சொல்லலாமா வேண்டாமா என்று அந்தப் பத்து நாளும் அவள் புரண்டாள். ஒவ்வொரு காலையும் கோழிகளுக்குத் தீனி போடப் போனாள், கதவைத் திறந்தாள், சாத்தினாள், வாயைத் திறக்கவில்லை.

பந்தய நாளன்று சலுகைக் கட்டண ரயிலில் கார்ன்ஹேவனிலிருந்து ஒரு கூட்டமே வந்து இறங்கியது. லௌரி, மீன்காரர்கள், கொல்லன், டேனி டாஷ்கூட. எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார்கள். டியூரிக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாத்தியா கிரிசல், நம்ம ஊர் ஜனங்க. என்னதான் இருந்தாலும் நம்ம ஆளுன்னு வந்திருக்காங்க பாரு.”

“ஆமாங்க, வந்திருக்காங்க,” என்றாள் கிரிசல்.

எதிராளி கிளாஸ்கோ டாக்டர் ஒருவர், நினியன் லோகன் என்று பெயர். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். டியூரியின் அடியில் பாதி தூரம்கூட அவர் அடிக்கவில்லை. முதல் குழியில் டியூரியின் பந்து குழிக்கு இரண்டடியில் நின்றது. அவன் நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தான். டாக்டர் மரியாதையாக ஒதுங்கி நின்றுகொண்டார். அவர் ஊர்ப் பக்கம் எல்லாவற்றையும் போட்டே முடிப்பதுதான் வழக்கம், தன்னுடையதையும் அவர் அப்படியே போட்டுக்கொண்டிருந்தார். டியூரி காத்திருந்தான். கடல் காற்றுதான் வீசியது, யாரும் எதுவும் சொல்லவில்லை.

தட்டினான். தவறியது.

அன்று பார்த்தவர்கள் அப்புறம் சொல்வார்கள், அப்படி ஒரு ஆட்டத்தை அவர்கள் பார்த்ததே இல்லை என்று. மணல் மேடுகளைத் தாண்டிப் பந்து பறக்கும், கூட்டம் ‘ஓ’ என்று வாயைப் பிளக்கும். குழியருகே வந்ததும் அதே மனிதன் ஜுரம் கண்டவன் போல நடுங்குவான். மூன்றடியில் தவறவிட்டான், இரண்டடியில் தவறவிட்டான். சர் ஹியூவின் நண்பர்கள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்கள். கார்ன்ஹேவன்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் மாதிரி குழிக்குக் குழி பின்னாலேயே நடந்தார்கள்.

அப்படியிருந்தும் நெடுந்தூர அடி அவனைத் தாங்கிப் பிடித்தது. கடைசிக் குழிக்கு வந்தபோது ஆட்டம் சமமாக இருந்தது. டாக்டர் தட்டுத் தடுமாறி ஐந்து முறை அடித்துக் குழியில் போட்டு முடித்தார். டியூரி மூன்றே முறை அடித்துப் பந்தைக் குழிக்கு ஒன்றரை அடியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். இதைப் போட்டால் ஜெயித்தான்.

அவன் குனிந்தான். மட்டை புல்லில் உராய்ந்து நடுங்கியது. நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். சொட்டு வியர்வை பந்தின் மேலேயே விழுந்தது. பார்க்க அருவருப்பாக இருந்தது. டாக்டரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நோயாளிகளைப் பார்த்துப் பழகிய மனம்.

“சார், போதும். எடுத்துக்கோங்க. நான் கொடுத்துட்டேன். ஆட்டம் உங்களுது,” என்றார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. லௌரியின் முகம் வெளுத்தது. இத்தனை வருஷம் கட்டியதெல்லாம் ஒரு வெளியூர் டாக்டரின் நல்ல மனத்தால் போயிற்று. டியூரியின் உடம்பு தளர்ந்தது. பந்தை எடுக்கக் கை நீண்டது. நீண்ட கையோடு அவன் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தான். அவள் நான்கடி தள்ளித்தான் நின்றாள்.

வீடு, சமையலறை அடுப்பு, கிழக்கு ஜன்னல், முதுமை, எல்லாம் அந்த நீண்ட கையில் இருந்தது. அவன் எடுத்தால் போதும், எல்லாம் பத்திரம். கிரிசலுக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான் வாயைத் திறந்தாள். சத்தமாகக்கூடப் பேசவில்லை, பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது.

“என்னங்க இது, பிச்சையா வாங்கப் போறீங்க?”

டியூரியின் கை நின்றது. காது மடல் சிவந்தது. நெஞ்சை நிமிர்த்தினான்.

“மன்னிக்கணும் டாக்டர். கில்பர்ட் டியூரி யார்கிட்டயும் எதையும் வாங்கினதில்ல. போட்டுட்டே ஜெயிக்கறேன். போடலேன்னா எனக்கு வேண்டாம். எல்லாரும் சாட்சி.”

தட்டினான். வேகமாகத் தட்டிவிட்டான். பந்து குழியைத் தாண்டி இரண்டடி ஓடியது. இப்போதும் சமன் செய்ய வழி இருந்தது. டாக்டர் இந்த முறை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு முறை வேண்டாம் என்றவனுக்கு மறுபடி கொடுப்பது அவனை அவமதிப்பது ஆகும் என்று நினைத்திருப்பார். டியூரி திரும்பத் தட்டினான். அதுவும் தவறியது.

சர் ஹியூ கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு நடந்து போனார். கார்ன்ஹேவன்காரர்கள் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்கள். டேனி டாஷ் மட்டும் கொஞ்ச நேரம் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குச் சந்தோஷமாக இருந்ததாகத் தெரியவில்லை. லௌரி அவன் தோளைத் தொட்டு, “வாடா, ரயிலுக்கு நேரமாச்சு,” என்று கூட்டிப் போனான்.

திரும்பும்போது பெட்டியில் டியூரியும் கிரிசலும் மட்டும் இருந்தார்கள். வெளியே கோடை வெயில் சாயவே இல்லை. டம்பார்டன் ஸ்டேஷன் தாண்டும்வரை அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“அந்த ஆளு கொடுத்தப்ப நீ ஏன் அப்படிச் சொன்ன?” என்று கேட்டான்.

கிரிசல் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தாள், டேனியின் குழந்தையிலிருந்து ஆரம்பித்து. ஆனால் அவன் முகத்தில் கோபம் இல்லை. அழுது வீங்கிய, ஒரு நாளும் அவள் பார்த்திராத முகம். அதைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்துவிட்டது.

“ஒன்றரை அடிதானேங்க. நீங்க போட்டுடுவீங்கன்னு நினைச்சேன்.”

அவன் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டான்.

“அத்தனை பேர் நின்னாங்க கிரிசல். நான் போடுவேன்னு நம்பினது நீ ஒருத்திதான்.”

ஆகஸ்டில் வீட்டைக் காலி செய்தார்கள். டண்டீயில் சணல் ஆலைக்கு எதிரே மாடியில் இரண்டு அறை. கப்பல் துறையில் மூட்டை எண்ணும் வேலை கிடைத்தது அவனுக்கு. மட்டையை அவன் அப்புறம் தொடவில்லை. ஆனால் மனிதன் மாறிவிட்டான். காலையில் அடுப்பை அவனே மூட்டினான். அவளுக்கு இருமல் வந்தால் எழுந்து பால் சுட வைத்துக் கொடுத்தான். இத்தனை வருஷம் அவளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசாதவன் இப்போது வாய் ஓயாமல் பேசினான். வருகிற போகிறவர்களிடமெல்லாம், மூன்றாம் மாடிக் கிழவியிடம்கூட, அந்தக் கடைசிக் குழியின் கதையைச் சொன்னான். “எங்க ஊரே என்னைக் கைவிட்டுடுச்சு, இவ மட்டும்தான் விடல,” என்று சொல்லி அவள் தோளில் கை வைப்பான்.

கிரிசல் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருப்பாள். அந்தக் கையை அவள் ஒரு நாளும் தட்டிவிடவில்லை. அவன் இன்னும் ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தான், ஒவ்வொரு நாளும் அவளுக்கு நன்றி சொன்னான்.